இரவுக்கு ஓர் இடம்

அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் கிராண்ட்ஸ் பாஸ் என்றோர் ஊர் உண்டு. அதன் மக்கள்தொகை நம் கூடலூர் நகராட்சியைவிடக் குறைவு. பூங்காவிலும் நடைபாதையிலும் போர்வை விரித்துப் படுப்போருக்கு 295 டாலர் அபராதம், தொடர்ந்து மீறினால் சிறை என்று அவ்வூர் நிர்வாகம் விதி செய்தது. படுக்க வேறு இடமே இல்லாதவர்களைத் தண்டிப்பது முறையா என்ற வழக்கு அந்நாட்டு உச்சநீதிமன்றம் வரை சென்றது. 2024 ஜூன் 28 அன்று ஆறு நீதிபதிகள் விதி செல்லும் என்றனர், மூவர் மறுத்தனர். அதன்பின் பல அமெரிக்க நகரங்கள் வீடற்றோரின் கூடாரங்களை அகற்றத் தொடங்கின.

அமெரிக்க நகரங்களில் காணப்படும் கூடார வரிசைகள் தேனியிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் இல்லை. ஆயினும், பேருந்து நிலையத்தின் நடைமேடை, பூட்டிய கடையின் வாசல், கோயில் மண்டபம், மருத்துவமனையின் மரத்தடி ஆகியவற்றில் இரவைக் கழிப்போர் இங்கும் உண்டு. அவர்களை அப்புறப்படுத்த வேண்டும் என்ற குரலும், அவர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்வியும் ஒருசேர எழுகின்றன. இவ்விரண்டுக்கும் இந்தியச் சட்டம் என்ன விடை தந்திருக்கிறது, அந்த விடை சிறு நகரங்களை எட்டுகிறதா என்பதைப் பார்ப்பது நல்லது.

இந்த வழக்காறு தொடங்கிய இடத்தில் ஒரு தமிழர் நிற்கிறார். சேலத்தைச் சேர்ந்த நிலமற்ற தொழிலாளியான அவர், வறட்சியால் வேலையிழந்து 1961-இல் பம்பாய்க்குச் சென்றார். சாலையோரம் பிளாஸ்டிக் விரிப்பையும் கித்தானையும் கூரையாக்கிக் குடும்பத்துடன் வாழ்ந்தார். 1981 ஜூலையில், மழைக்காலத்தின் நடுவே, அவருடைய குடிசை இடிக்கப்பட்டது; சேலத்துக்குச் செல்லுமாறு பேருந்தில் ஏற்றப்பட்டார். மனைவியையும் மகள்களையும் சேலத்தில் விட்டுவிட்டு, வேலை தேடி மீண்டும் அதே நகரின் நடைபாதைக்கே திரும்பினார். 'ஓல்கா டெல்லிஸ் வழக்கு' என்று அறியப்படும் வழக்கின் மனுதாரர்களுள் அவரும் ஒருவர்.

1985 ஜூலை 10 அன்று, தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு அதில் தீர்ப்பளித்தது. வாழ்வுரிமையைக் கூறும் அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது கூறு, வாழ்வாதார உரிமையையும் உள்ளடக்கியது என்றது அமர்வு. அதே மூச்சில், நடைபாதையை ஆக்கிரமிக்க எவருக்கும் உரிமையில்லை என்றும் கூறியது. முன்னறிவிப்பும் விளக்கமளிக்க வாய்ப்பும் தந்தே அகற்ற வேண்டும். மழைக்காலம் முடியும் வரை, அதாவது அவ்வாண்டு அக்டோபர் 31 வரை, அகற்றக் கூடாது என்றும் ஆணையிட்டது. ஏழைகளுக்குப் பெருவெற்றி என்று இத்தீர்ப்பைப் போற்றுவோரும், வெளியேற்றத்துக்கு அனுமதி வழங்கிவிட்டது என்று குறைகூறுவோரும் உண்டு. இரண்டிலும் உண்மை இருக்கிறது.

அகற்றலாம் என்றால், அகற்றப்பட்டவர் அன்றிரவு எங்கே உறங்குவார்? இதற்கான விடை கால்நூற்றாண்டு கழித்தே வந்தது. 2010-இல் டில்லியின் கடுங்குளிரில் வீடற்றோர் உயிரிழந்தபோது, உணவு உரிமை வழக்கின் ஒரு பகுதியாக உச்சநீதிமன்றம் இதைக் கையிலெடுத்தது. பெருநகரங்களில் ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம் வேண்டும், அது ஆண்டு முழுவதும், நாள் முழுவதும் திறந்திருக்க வேண்டும் என்ற நெறி உருவானது. 2013-இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் அதைத் திட்டமாக்கியது. ஒருவருக்குக் குறைந்தது 50 சதுர அடி, ஒரு காப்பகத்தில் 50 முதல் 100 பேர், குடிநீர், கழிப்பறை, சமையலிடம் எனத் தரங்கள் வகுக்கப்பட்டன. 2016-இல் சட்டப்படி நகரங்களாக உள்ள எல்லா ஊர்களுக்கும் இயக்கம் விரிவுபடுத்தப்பட்டது.

இங்கேதான் தேனி போன்ற மாவட்டத்தின் சிக்கல் தொடங்குகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தேனி-அல்லிநகரம் நகராட்சியில் 94,453 பேர். போடிநாயக்கனூரில் 75,675 பேர். கம்பத்தில் 68,090 பேர். பெரியகுளம், சின்னமனூர், கூடலூர் ஆகியவை ஒவ்வொன்றும் அரை லட்சத்துக்குக் கீழே. 'லட்சத்துக்கு ஒன்று' என்ற அளவுகோலை எழுத்துப் பிசகாமல் பொருத்தினால் எந்த நகராட்சிக்கும் ஒரு காப்பகம்கூடத் தேறாது. ஆறு நகராட்சிகளையும் கூட்டினாலோ மூன்றரை லட்சத்துக்கும் மேல் வருகிறது. அதே அளவுகோலின்படி மூன்று காப்பகங்கள் வேண்டும். தனித்தனியாக எண்ணினால் இல்லாத தேவை, சேர்த்து எண்ணினால் தென்படுகிறது. மாவட்டத்தை ஓர் அலகாகக் கொள்ளாத எந்தத் திட்டமும் இத்தகைய ஊர்களைக் கைவிட்டுவிடும்.

இந்தப் பள்ளத்தாக்கின் பொருளாதாரத்துக்கு ஒரு தனித்தன்மையும் உண்டு. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி மலைத் தோட்டங்களுக்கு உழைப்பை அனுப்பும் வாசல் இது. ஏலத் தோட்டங்களுக்கு விடியுமுன் ஜீப்பில் ஏறி, இருட்டும் வேளையில் இறங்குவோர் ஏராளம். தேயிலைத் தோட்டங்களிலோ தொழிலாளர்களுக்கு 'லயம்' எனப்படும் வரிசை வீடுகள் உண்டு. அந்த வீடு வேலையோடு பிணைந்தது. வேலை ஓய்ந்தால் வீடும் ஓய்ந்தது. தலைமுறைகளாக மலையில் வாழ்ந்துவிட்டு, அறுபது வயதில் நிலமும் வீடும் இல்லாத சொந்த ஊருக்கு இறங்கிவரும் முதியவருக்குப் பிள்ளைகளின் ஆதரவு இல்லையென்றால் பொதுவெளி தவிர வேறு புகலிடம் ஏது?

பொதுவெளியில் உறங்குவோர் அனைவரும் ஒரே வகையினர் அல்லர். க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையிருக்க வந்து, வெளியே துண்டை விரிப்பவருக்கு வீடு உண்டு. அன்றிரவுக்கு இடம்தான் இல்லை. மனநலம் குன்றித் திரிபவருக்கு முதல் தேவை சிகிச்சை. குடும்பத்தால் கைவிடப்பட்ட மூதாட்டிக்குத் தேவை நிலையான இல்லம். பருவ வேலைக்கு வந்தவருக்குக் குறைந்த வாடகையில் ஒரு படுக்கை போதும். இவர்கள் எல்லோரையும் 'ஆக்கிரமிப்பாளர்' அல்லது 'பிச்சைக்காரர்' என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கும்போது, தீர்வும் லத்தி என்ற ஒற்றைக் கருவியாகச் சுருங்கிவிடுகிறது.

இன்னொரு முரணும் கவனிக்கத் தக்கது. கார்த்திகை, மார்கழி மாதங்களில் சபரிமலைக்குச் செல்லும் பக்தர்கள் இதே சாலையோரங்களில் தங்குகிறார்கள். வீரபாண்டி சித்திரைத் திருவிழாவில் குடும்பம் குடும்பமாக மக்கள் திறந்தவெளியில் படுக்கிறார்கள். அவர்களுக்காகத் தண்ணீர், விளக்கு, கழிப்பறை, காவல் எல்லாம் ஏற்பாடாகின்றன, ஆகவும் வேண்டும். பொதுவெளியில் உறங்குவதை முறைப்படுத்த நிர்வாகத்துக்குத் தெரியும் என்பதற்கு இதுவே சான்று. ஏழையின் உறக்கம் மட்டுமே சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாகிவிடுவது ஏன் என்பதே கேள்வி.

எதிர்த்தரப்பின் குறைகளைப் புறந்தள்ளிவிட முடியாது. பேருந்து நிலையம் பயணிகளுக்கானது. பின்னிரவில் தனியாக வந்திறங்கும் பெண், நடைமேடையில் குடிபோதையில் கிடப்பவரைக் கண்டு அஞ்சுவது இயல்பு. காலையில் கடை திறப்பவர் வாசலைக் கழுவ வேண்டிய நிலை வந்தால் சினப்பதும் இயல்பே. நடைபாதை மறைந்துபோனால் முதலில் துன்புறுவோர் முதியோரும் மாற்றுத்திறனாளிகளும்தான். ஆனால், விரட்டுவது இவற்றில் எதையும் தீர்ப்பதில்லை. தேனி பேருந்து நிலையத்திலிருந்து விரட்டப்பட்டவர் அடுத்த ஊர்ப் பேருந்து நிலையத்தில் படுப்பார். சில நாள்களில் திரும்பியும் வருவார். இடையில் அவருடைய மூட்டையோடு ஆதார் அட்டையும் மருந்துச் சீட்டும் தொலைந்திருக்கும். அவை இல்லாமல் ஓய்வூதியமும் கிடைக்காது, சிகிச்சையும் தடைபடும். அவர் தெருவிலிருந்து மீளும் வழி மேலும் நீள்கிறது.

செய்யத்தக்கவற்றுக்குச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. முதலாவது, கணக்கெடுப்பு. 2011-இல் வீடற்றோரை பிப்ரவரி 28 இரவில் எண்ணினார்கள். நாடு முழுவதும் சுமார் 17.7 லட்சம் பேர். அந்த எண்ணிக்கை பழையதாகிவிட்டது. நடைபாதைவாசி வாக்காளராக விண்ணப்பித்தால் முகவரிச் சான்று கேட்கப்படுவதில்லை. வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் நேரில் சென்று, அவர் அங்குதான் உறங்குகிறாரா என்று உறுதிசெய்ய வேண்டும் என்பதே தேர்தல் ஆணையத்தின் நடைமுறை. வாக்குக்காக இரவில் தேடிச் செல்ல முடியுமென்றால், காப்பகத்துக்காகவும் செல்லலாம்.

இரண்டாவது, மனநல மருத்துவப் பராமரிப்புச் சட்டம், 2017. அதன் 100-ஆவது பிரிவின்படி, மனநோயால் தம்மைப் பேணிக்கொள்ள இயலாமல் திரிபவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்தில் சேர்ப்பது காவல் துறையின் கடமை. சிறையிலோ காவல் நிலைய அறையிலோ அடைக்கக் கூடாது. அவரை வண்டியில் ஏற்றி ஊர் எல்லையில் இறக்கிவிடுவதற்கு அச்சட்டத்தில் இடமில்லை.

மூன்றாவது, இடத்தேர்வு. ஊருக்கு வெளியே கட்டப்படும் காப்பகம் காலியாகவே கிடக்கும். வேலை கிடைக்கும் இடத்துக்கும் மருத்துவமனைக்கும் நடந்து செல்லும் தொலைவில் அது இருக்க வேண்டும். சென்னையில் அரசு மருத்துவமனைகளை ஒட்டி, நோயாளிகளின் துணைக்கு வருவோருக்காகக் காப்பகங்கள் நடத்தப்படும் முறையை க.விலக்கிலும் பின்பற்றலாம். பெண்களுக்குத் தனி இடம் கட்டாயம் வேண்டும்.

இதற்கெல்லாம் நிதி வேண்டும். வாழ்வாதார இயக்கத்தின் காலம் 2024 செப்டம்பரில் முடிந்தது. வீடற்றோர் குறித்த வழக்கு 2025 பிப்ரவரியில் உச்சநீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தபோது, காப்பகங்களையும் உள்ளடக்கிய புதிய நகர்ப்புற வறுமை ஒழிப்புத் திட்டம் இறுதிசெய்யப்பட்டு வருவதாக மத்திய அரசு தெரிவித்தது. அத்தகைய திட்டத்தில் ஒரு லட்சத்தை எட்டாத நகரங்களுக்கு மாவட்ட அளவிலான கணக்கு வேண்டும் என்று தமிழக அரசு வலியுறுத்த வேண்டும்.

வழிப்போக்கருக்கும் ஆதரவற்றோருக்கும் சாவடியும் சத்திரமும் கட்டிவைத்த நிலம் இது. மணிமேகலைக் காப்பியம் காட்டும் 'உலக அறவி' சக்கரவாளக் கோட்டத்தில் அமைந்த பொது அம்பலம்; பசித்தோரும் நோயுற்றோரும் கேட்பாரற்றோரும் ஒதுங்கிய இடம். அது அன்றைய அறம். இன்று அதுவே அரசின் கடமை. பேருந்து நிலையம் பயணிகளுக்கே உரியதாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள்தாம், காப்பகம் வேண்டும் என்று முதலில் கேட்க வேண்டியவர்கள்.