டா நாங்கில் 90 நாள், வேலை புனேயில்: கணக்கு எங்கே இடிக்கும்?

புனே மழையில், ஹிஞ்சவடி டிராஃபிக்கில் நிற்கும்போது போனில் இப்படி ஒரு ரீல் வந்து விழும்: நீலக் கடல், தென்னை மரம், லேப்டாப், பக்கத்தில் ஐஸ் காபி. இடம், மத்திய வியட்நாமின் கடற்கரை நகரமான டா நாங். கீழே, 'மாசம் இவ்வளவுதான் செலவு' என்று ஒரு தொகை. 'ரிமோட் வேலைதானே, மூணு மாசம் இருந்துட்டு வந்தா என்ன?' என்று உங்களுக்கும் தோன்றியிருக்கலாம்.

தாராளமாகப் போகலாம். ஆனால் அந்தத் தொகையில் மூன்று விஷயங்கள் சேர்ந்திருக்காது: விசா, உங்கள் ஆபீஸ், உங்கள் புனே வாடகை. டிக்கெட் போடும் முன் பார்க்க வேண்டியவை இவைதான்.

விசா எவ்வளவு நாளைக்கு?

2023 ஆகஸ்ட் 15 முதல் எல்லா நாட்டவருக்கும் 90 நாள் வரை இ-விசா தருகிறது வியட்நாம். ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50 டாலர். விண்ணப்பத்தில் தப்பு நேர்ந்து நிராகரிக்கப்பட்டால் பணம் திரும்பாது.

தமிழர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது பெயர். இனிஷியலா, அப்பா பெயரா, சர்நேம் காலியா என்று நம் பாஸ்போர்ட்டுகள் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி இருக்கும். பாஸ்போர்ட்டில் உள்ளதையே எழுத்து மாறாமல் விசாவிலும் விமான டிக்கெட்டிலும் போடுங்கள்.

அந்த விசாவில் வேலை பார்க்கலாமா?

இ-விசா வேலைக்கான அனுமதி ஆகாது. டிஜிட்டல் நோமட் விசா என்று தனியாக ஒன்று வியட்நாமில் இல்லை. இந்தியக் கம்பெனிக்காக அங்கே உட்கார்ந்து லேப்டாப்பில் வேலை பார்ப்பது இரண்டுங்கெட்டான் நிலைதான். நிறைய பேர் செய்கிறார்கள் என்பது உங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு ஆகிவிடாது.

ஆபீஸுக்குச் சொல்லாமல் போனால்?

இதில்தான் வேலையே போகும் ஆபத்து இருக்கிறது. வொர்க் ஃப்ரம் ஹோம் என்றால் எந்த நாட்டிலிருந்தும் என்று அர்த்தமில்லை. கிளையன்ட் டேட்டாவை இந்தியாவுக்கு வெளியே திறக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கலாம். வெளிநாட்டு ஐபி முகவரியிலிருந்து லாகின் செய்தால் ஐடி டீமுக்கு உடனே தெரிந்துவிடும். மேனேஜர் வாயால் சொன்ன 'ஓகே' போதாது. ஹெச்ஆரிடமிருந்து, எந்த நாடு, எத்தனை நாள் என்று குறிப்பிட்டு மெயில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வரியும் இதில் சேர்த்தி. 183 நாள் தங்கினால் வியட்நாம் உங்களைத் தன் வரிக் குடியிருப்பாளராகக் கணக்கில் எடுக்கும். அதற்குக் குறைவாக இருந்தாலும், அங்கிருந்து செய்த வேலைக்கான சம்பளம் அவர்கள் வரிச் சட்டத்துக்குள் வரலாம். இந்தியாவும் வியட்நாமும் செய்துகொண்டுள்ள இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம், குறுகிய காலம் தங்குபவர்களுக்குச் சில நிபந்தனைகளோடு விலக்கு தருகிறது. இந்தியாவில் ஒரு நிதியாண்டில் 182 நாளாவது இருந்தால் நீங்கள் இங்கே ரெசிடென்ட். வரிக் கணக்கும் வழக்கம்போல இங்கேதான்.

உண்மையிலேயே செலவு குறையுமா?

கடற்கரையை ஒட்டிய அன் தூங் பகுதியில் ஒரு சிறிய ஸ்டூடியோ வீட்டுக்கு மாதம் 300 முதல் 500 டாலர் வரை கேட்பது வழக்கம். பல வீடுகளில் கரன்ட் பில் தனி. ஏசி ஓடினால் ஏறும். ஆனால் புனேயில் உங்களுடையது 11 மாத லீவ் அண்ட் லைசென்ஸ் ஒப்பந்தமாக இருக்கும். லாக்-இன் காலம் முடியவில்லை என்றால் இரண்டு வாடகை கட்ட வேண்டும். மிச்சமாகும் என்று போட்ட கணக்கு உதைப்பது இங்கேதான்.

ஒரு ரூபாய்க்குச் சுமார் 300 டாங். 30,000 டாங் என்றால் ஏறக்குறைய 100 ரூபாய் என்று மனசில் வைத்துக்கொண்டால் கடையில் குழப்பம் வராது. 20,000 டாங் நோட்டும் 5 லட்சம் டாங் நோட்டும் நீல நிறம்தான். இருட்டில் மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள்.

நாள் எப்படிப் போகும்?

அங்கே கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. காலை 10 முதல் இரவு 7 வரையிலான உங்கள் ஷிஃப்ட், அங்கே 11.30 முதல் 8.30 வரை. அதாவது காலை முழுக்க உங்களுடையது, சாயங்காலம் ஆபீஸுடையது. ஊர் வழக்கமும் இதற்குத் தோதாக இருக்கிறது. ஜூனில் 5.15 வாக்கிலேயே விடிந்துவிடும். வெயில் ஏறுவதற்குள் மை கே கடற்கரையில் உள்ளூர்க்காரர்கள் குளித்துக் கரையேறிவிடுவார்கள். அமெரிக்க கிளையன்ட் இருந்தால் கதை வேறு: புனேயின் 10 மணி கால், அங்கே நள்ளிரவை நெருங்கும்.

சைவம் சாப்பிடுபவர்கள் கற்க வேண்டிய ஒரே சொல் 'சாய்'. சைவ உணவுக்கு அதுதான் பெயர். அது இல்லாமல் 'காய்கறி மட்டும்' என்று கேட்டால், மீன் சாஸ் சேர்ந்தே வரலாம். சந்திர மாதத்தின் 1, 15 தேதிகளில் பௌத்தர்கள் பலர் சைவம் சாப்பிடுவதால், நம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி சாய் கடைகளில் கூட்டம் அதிகம்.

லீவு நாளில் மி சன் போய் வரலாம். சம்பா அரசர்கள் கட்டிய சிவன் கோயில்கள் இருக்கும் யுனெஸ்கோ தலம் அது. 2020-ல் அங்கே புனரமைப்பில் ஈடுபட்டிருந்த இந்தியத் தொல்லியல் துறைக்கு, 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒற்றைக்கல் லிங்கம் கிடைத்தது.

எப்போது போவது?

புனேயில் மழை விடும்போது டா நாங்கில் தொடங்கும். அங்கே செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மழை. அக்டோபர், நவம்பரில் உச்சம், புயலும் வரும். சென்னை ஐப்பசி மழையைப் பார்த்தவர்களுக்குப் புரியும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே நல்ல வெயில். புனே மழைக்குத் தப்பிக்க நினைத்தால் அதுதான் சரியான காலம்.

பைக் எடுக்கலாமா?

இந்திய லைசென்ஸ் கார்டு மட்டும் அங்கே செல்லாது. பைக்கை வாடகைக்குத் தருபவர் லைசென்ஸ் கேட்காமலே சாவியைக் கொடுக்கலாம். விபத்து நடந்தால் லைசென்ஸைக் கேட்கப்போவது இன்சூரன்ஸ் கம்பெனி. செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லையென்றால் ஆஸ்பத்திரி பில் உங்கள் தலையில். கிராப் ஆப்பில் பைக் டாக்ஸி கிடைக்கும், அது போதும்.

எதை முதலில் செய்வது?

முதலில் ஹெச்ஆர் மெயில். அடுத்து வாடகை ஒப்பந்தத்தில் லாக்-இன் தேதி. பிறகு விசா, இன்சூரன்ஸ். டிக்கெட் கடைசியில். முதல் படியிலேயே 'இல்லை' என்று பதில் வந்தால், இருக்கும் லீவைச் சேர்த்து இரண்டு வாரம் போய் வாருங்கள். அப்போது லேப்டாப்பை வீட்டிலேயே வைத்துவிடலாம்.