வாக்குச்சாவடிக்கு முன்பே நடந்து முடியும் தேர்தல்

2024 மக்களவைத் தேர்தலில் எங்கள் கடலூர் தொகுதி திமுக கூட்டணியில் காங்கிரஸுக்கு ஒதுக்கப்பட்டது. அதுவரை ஆரணி தொகுதியின் உறுப்பினராக இருந்த எம்.கே.விஷ்ணு பிரசாத் இங்கே வேட்பாளரானார். ஆரணி அம்முறை திமுகவுக்குச் சென்றிருந்தது. காங்கிரஸ் வேட்பாளர் பட்டியல் டெல்லியில் வெளியானது. எதிரணிகளிலும் நிலைமை வேறல்ல. தேமுதிக, முன்னாள் பண்ருட்டி சட்டமன்ற உறுப்பினர் சிவக்கொழுந்தை நிறுத்தியது. பாமக, திரைப்பட இயக்குநர் தங்கர் பச்சானை நிறுத்தியது. இருவரும் இம்மண்ணுக்கு நெருக்கமானவர்கள் என்றபோதிலும், அவர்கள் பெயரையும் அவரவர் கட்சித் தலைமைகளே அறிவித்தன. ஏப்ரல் 19 அன்று திருவதிகையில் நானும் வரிசையில் நின்று வாக்களித்தேன். விஷ்ணு பிரசாத் வென்றார்.

இவர்களில் யாருடைய தகுதியைப் பற்றியும் பேசுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. என் கேள்வி வேறு. இயந்திரத்தில் எந்தெந்தப் பெயர்கள் இருக்க வேண்டும் என்று எங்களுக்கு முன்பே ஒரு தேர்வு நடந்து முடிந்துவிட்டது. அந்தத் தேர்வில் வாக்களித்தவர்கள் யார்? பண்ருட்டியிலோ குறிஞ்சிப்பாடியிலோ திட்டக்குடியிலோ பல பத்தாண்டுகளாகக் கொடி பிடித்த தொண்டருக்கு அதில் ஒரு வாக்கேனும் இருந்ததா? இல்லை என்பதே எல்லாக் கட்சிகளுக்கும் பொருந்தும் விடை.

ஒரு படிவத்தின் வலிமை

நம் நாட்டில் ஒருவர் ஒரு கட்சியின் வேட்பாளராவது ஒரு தாளால் தீர்மானிக்கப்படுகிறது. கட்சி யாருக்குக் கையெழுத்திடும் அதிகாரம் அளித்திருக்கிறது என்பதை ‘ஏ’ படிவம் சொல்கிறது. அவர் யாரை வேட்பாளராக ஏற்கிறார் என்பதை ‘பி’ படிவம் சொல்கிறது. மனுத்தாக்கலின் கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள் இவை தேர்தல் அதிகாரியிடம் சேர வேண்டும். சேர்ந்தால் சின்னம் கிடைக்கும்; சேராவிட்டால், அந்தத் தொகுதியின் கட்சிக்காரர்கள் அத்தனை பேரும் ஒருமனதாக ஆதரித்தாலும், அவர் சுயேச்சைதான்.

அந்தக் கையெழுத்து எப்படி வந்தது என்று சட்டம் கேட்பதில்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவு, பதிவு செய்யும் கட்சி அரசமைப்புக்கும் ஜனநாயகத்துக்கும் விசுவாசமாக இருப்பதாக உறுதியளிக்கச் சொல்கிறது. அந்தக் கட்சி தன் வேட்பாளரை எவ்விதம் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை. சட்ட ஆணையம் 1999-இல் தன் 170-ஆவது அறிக்கையில் உட்கட்சி ஜனநாயகத்தைச் சட்டமாக்கப் பரிந்துரைத்தது; 2015-இல் 255-ஆவது அறிக்கையிலும் வலியுறுத்தியது. இரண்டும் ஏட்டளவிலேயே நிற்கின்றன.

நடைமுறையில், தேசியக் கட்சிகளில் மத்தியத் தேர்தல் குழுவும் அதன் மேல் அமர்ந்திருக்கும் மேலிடமும் முடிவெடுக்கின்றன. மாநிலக் கட்சிகள் கட்டணத்துடன் விருப்ப மனு பெறுகின்றன, நேர்காணலும் நடத்துகின்றன. ஆனால் இறுதிச் சொல் தலைமையுடையதே. இடம் மாறுகிறதே தவிர முறை மாறுவதில்லை.

மாநிலங்களவை: அறிவிப்பே முடிவு

இதை மிகத் தெளிவாகக் காட்டுவது மாநிலங்களவை. தமிழ்நாட்டுக்கு அங்கே 18 இடங்கள். ஆறு இடங்களுக்குத் தேர்தல் வந்தால், 234 உறுப்பினர் கொண்ட சட்டமன்றத்தில் 34 பேரின் முதல் விருப்ப வாக்கு ஒருவரை வெற்றிபெறச் செய்யும். ஆகவே, எந்தக் கட்சிக்கு எத்தனை இடம் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. 2025 ஜூனில் திமுகவின் மூவர், மக்கள் நீதி மய்யத்தின் கமல் ஹாசன், அதிமுகவின் இருவர் என ஆறு பேரும் போட்டியின்றித் தேர்வானார்கள். ஆறு இடத்துக்கு ஆறு பேர் என்றால் வாக்குப்பதிவே தேவையில்லை. கட்சித் தலைமை பெயரை அறிவித்த நாளே தேர்தல் நாள்.

மாநிலங்களின் அவை என்ற பெயருக்கு ஏற்ப, அந்த மாநிலத்தின் வாக்காளராக இருப்பவர் மட்டுமே அதற்குப் போட்டியிட முடியும் என்ற விதி முன்பு இருந்தது. அதைச் சுற்றிச் செல்லவும் வழி இருந்தது. மன்மோகன் சிங் 1991 முதல் 2019 வரை அசாமின் உறுப்பினராகவே இருந்தார். 2003-இல் நாடாளுமன்றம் அந்த விதியையே நீக்கியது. அதே திருத்தம், சட்டமன்ற உறுப்பினர் தம் வாக்கைக் கட்சியின் முகவரிடம் காட்ட வேண்டும் என்ற திறந்த வாக்கு முறையையும் கொண்டுவந்தது. குல்தீப் நய்யார் தொடர்ந்த வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம் இரண்டையும் ஏற்றது.

விளைவை 2022-இல் ராஜஸ்தானில் பார்த்தோம். அங்கே காங்கிரஸ் நிறுத்திய மூவரில் ரண்தீப் சுர்ஜேவாலா ஹரியாணாவைச் சேர்ந்தவர். முகுல் வாஸ்னிக் மகாராஷ்டிரத்தவர். பிரமோத் திவாரி உத்தரப் பிரதேசத்தவர். ராஜஸ்தானிலிருந்து ஒருவர்கூட இல்லை. மூவரும் வென்றார்கள். பாஜகவும் இதற்கு விலக்கல்ல. நம் மாநிலத்தைச் சேர்ந்த எல்.முருகன் 2021-இல் மத்தியப் பிரதேசத்திலிருந்து மாநிலங்களவைக்கு அனுப்பப்பட்டார். மத்தியப் பிரதேசத்தின் நலனை நாமக்கல்காரர் பேசக் கூடாதென்பதில்லை. ஆனால் அந்த மாநிலத்தவர் அவரைக் கேட்டுப் பெற்றார்களா என்பதே கேள்வி.

மேலிடத்தின் தேர்வுக்கு விலையும் உண்டு. 2024 பிப்ரவரியில் இமாச்சலப் பிரதேசத்தில் 68 பேர் கொண்ட அவையில் காங்கிரஸுக்கு 40 உறுப்பினர்கள் இருந்தனர். வெளிமாநிலத்தவரான அபிஷேக் மனு சிங்வியை மேலிடம் நிறுத்தியது. காங்கிரஸின் ஆறு பேர் மாற்றி வாக்களிக்க, இருவருக்கும் 34 வாக்குகள் ஆயின. குலுக்கலில் பாஜகவின் ஹர்ஷ் மகாஜன் வென்றார். மாநில அரசே ஆட்டம் கண்டது. கட்சி மாறி வாக்களித்ததை நான் நியாயப்படுத்தவில்லை. உள்ளூர்க் கசப்புகளை அறியாமல் தொலைவிலிருந்து எடுத்த முடிவு எதிரிக்கு எப்படிக் கதவைத் திறக்கும் என்பதற்கு அது சான்று.

1996 தந்த பாடம்

தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. 1996-இல் நரசிம்ம ராவ், மாநிலக் காங்கிரஸார் பெரும்பாலோரின் விருப்பத்துக்கு மாறாக, அதிமுகவுடன் கூட்டணி என்று டெல்லியில் முடிவெடுத்தார். ஜி.கே.மூப்பனார் தலைமையில் கட்சி உடைந்து தமிழ் மாநில காங்கிரஸ் பிறந்தது. சைக்கிள் சின்னத்தில் திமுகவுடன் சேர்ந்து நின்ற அக்கட்சி 20 மக்களவைத் தொகுதிகளையும் 39 சட்டமன்றத் தொகுதிகளையும் வென்றது. கடலூர் மக்களவைத் தொகுதியும் அவற்றுள் ஒன்று. டெல்லியின் முத்திரை பெற்ற காங்கிரஸுக்கு இங்கே ஓரிடமும் கிட்டவில்லை. மாநிலத்தின் மனநிலை மூப்பனாருக்குத் தெரிந்திருந்தது. மேலிடத்துக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்துகொள்ளும் தேவை இருப்பதாக அது நினைக்கவில்லை. எனினும், இந்தப் பாடத்தைச் சொல்ல ஒரு கட்சியே உடைய வேண்டியிருந்தது. உடையாமல் சொல்வதற்கு உள்ளே வழி எதுவும் இருக்கவில்லை.

அமெரிக்காவில் என்ன நடக்கிறது?

அமெரிக்க செனட் உறுப்பினர்களையும் ஒரு காலத்தில் நம் மாநிலங்களவை போலவே மாநிலச் சட்டமன்றங்கள்தான் தேர்ந்தெடுத்தன. பேரமும் ஊழலும் மலிந்ததால், 1913-இல் 17-ஆவது திருத்தம் அந்த உரிமையை மக்களுக்கு மாற்றியது. அதற்குச் சற்று முன்னரே, வேட்பாளரைக் கட்சிப் பெரியவர்கள் அல்லாமல் வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் ‘பிரைமரி’ தேர்தலும் பரவத் தொடங்கியிருந்தது. விஸ்கான்சின் மாநிலம் 1903-இல் அதற்கெனச் சட்டம் இயற்றியது.

அங்கே வாஷிங்டன் தலைவர்கள் சும்மா இருப்பதில்லை. தங்களுக்கு வேண்டியவருக்குப் பணம் திரட்டித் தருகிறார்கள், விளம்பரம் செய்கிறார்கள், வேண்டாதவரை விலகச் சொல்கிறார்கள். ஆனால் அவர்களிடம் ‘பி’ படிவம் இல்லை. 2017-இல் அலபாமா மாநில செனட் இடைத்தேர்தலில், குடியரசுக் கட்சியின் செனட் தலைவர் மிட்ச் மெக்கானலின் ஆதரவு அமைப்பு லூதர் ஸ்ட்ரேஞ்சுக்காகப் பல லட்சம் டாலர் செலவிட்டது. அதிபர் டிரம்ப்பும் அவரையே ஆதரித்தார். இருந்தும் பிரைமரியில் வாக்காளர்கள் ராய் மூரைத் தேர்ந்தெடுத்தார்கள். பின்னர் மூர் மீது பாலியல் குற்றச்சாட்டுகள் எழ, அக்கட்சியின் கோட்டையான அம்மாநிலத்தில் டிசம்பரில் ஜனநாயகக் கட்சியின் டக் ஜோன்ஸ் வென்றார்.

இந்த நிகழ்வு இரு பக்கமும் வெட்டும். தலைமை விரும்பாதவரையும் மக்கள் தேர்ந்தெடுக்க முடிந்தது என்பது ஒன்று. அவர்கள் தேர்ந்தெடுத்தவர் தோற்றார் என்பது மற்றொன்று. பிரைமரி எப்போதும் நல்லவரையே தரும் என்று நான் வாதிடவில்லை. தவறிய முடிவு யாருடையது என்று அலபாமா மக்களுக்குத் தெரியும். நமக்கு அதுகூடத் தெரிவதில்லை.

முகவர் யார் பக்கம்?

பொருளியல் வகுப்பில் உரிமையாளர் – முகவர் சிக்கல் என்ற ஒன்றைக் கற்பிப்போம். எங்கள் பண்ருட்டி வட்டாரத்துப் பலாத் தோட்டக்காரருக்கு அதை விளக்கத் தேவையில்லை. அவருக்காக விலை பேச வேண்டிய தரகருக்குக் கமிஷன் தருபவர் வாங்குபவரே என்றால், தரகர் யார் பக்கம் சாய்வார்? நாடாளுமன்ற உறுப்பினரும் அத்தகைய முகவரே. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தொகுதி அவருக்கு வாக்களிக்கிறது. ஆனால் அடுத்த முறை அவர் நிற்பாரா என்பதை மேலிடம் தீர்மானிக்கிறது.

1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம், அவைக்குள் கொறடா உத்தரவை மீறினால் பதவியே போகும் என்றாக்கியது. நுழைவதற்குப் ‘பி’ படிவம், நுழைந்தபின் கொறடா என இரண்டு கயிறுகளின் முனையும் ஒரே கையில் இருக்கின்றன.

கடலூர் மாவட்டத்துக்கு இது வெறும் கோட்பாட்டு விவாதமன்று. நெய்வேலி நிலக்கரி நிறுவனம் மத்திய அரசினுடையது. 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவியில், விளைந்து நின்ற நெற்பயிர் மீது கால்வாய் வெட்ட அதன் இயந்திரங்கள் இறங்கின. 2011 டிசம்பரில் தானே புயல் எங்கள் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. நிலத்துக்கான இழப்பீடு, வேலை, புயல் நிவாரணம் எல்லாவற்றுக்கும் டெல்லியிடம்தான் வழக்காட வேண்டும். அங்கே ஆளும் கட்சியாக எது இருந்தாலும், அதன் உறுப்பினர் தமக்குப் படிவம் தந்த தலைமையை எதிர்த்து எவ்வளவு தூரம் பேச முடியும்? துணிந்து பேசுவோர் சிலர் எப்போதும் உண்டு. ஆனால் ஓர் அமைப்பு தனிமனிதரின் துணிச்சலை நம்பி இயங்கக் கூடாது.

‘பிடிக்காதவரைத் தோற்கடிக்கலாமே’ என்பார்கள். வாக்காளரின் கையில் இருப்பது ஒரே பொத்தான். கட்சியும் ஆளும் அதில் ஒன்றாகக் கட்டி விற்கப்படுகின்றன. ஆளை மறுக்க வேண்டுமானால் தான் விரும்பும் கட்சியையும் மறுக்க வேண்டும். 2013-இல் வந்த ‘நோட்டா’ மறுப்பைப் பதிவு செய்கிறது. மாற்று ஒருவரைத் தருவதில்லை.

என்ன செய்யலாம்?

மேலிடத்துக்காகப் பேச நியாயங்கள் உண்டு. உள்ளூர் வாக்கெடுப்பு என்றால், பெரும்பான்மைச் சாதியும் பணமும் உறுப்பினர் பட்டியலைக் கைப்பற்றலாம். பெண்களையும் சிறுபான்மையினரையும் தலைமை தலையிட்டு நிறுத்திய நேரங்கள் இருக்கின்றன. கூட்டணி யுகத்தில் எந்தத் தொகுதி யாருக்கு என்பது கடைசி வாரத்தில்தான் முடிவாகிறது. காங்கிரஸ் 2014-இல் சில தொகுதிகளில் பிரைமரி நடத்திப் பார்த்தது. வடோதராவில் நரேந்திர மோடி போட்டியிடுகிறார் என்றதும், அங்கே பிரைமரியில் வென்றவர் விலக, மதுசூதன் மிஸ்திரி நிறுத்தப்பட்டார். சட்டத்தின் துணையில்லாத நல்லெண்ணம் அந்த அளவுக்கே நீடிக்கும்.

எனவே, அமெரிக்க முறையை அப்படியே பெயர்த்து நடுவது எனக்கு உடன்பாடில்லை. ஜெர்மனி நடுவழி ஒன்றைக் காட்டுகிறது. அங்கே தொகுதி வேட்பாளரைக் கட்சி உறுப்பினர்களோ அவர்களின் பிரதிநிதிகளோ ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது தேர்தல் சட்டத்திலேயே உள்ளது. நாம் அதைவிட எளிய இடத்தில் தொடங்கலாம். தொகுதியின் கட்சி உறுப்பினர்கள் ரகசிய வாக்கால் மூவரைப் பரிந்துரைக்கட்டும். அம்மூவரில் ஒருவரைத் தலைமை தேர்ந்தெடுக்கட்டும். சமூகச் சமநிலை பேணத் தலைமைக்கு இடம் இருக்கும். தொகுதியில் ஆதரவே இல்லாதவரை மேலிருந்து இறக்கும் வழி அடைபடும். மாநிலங்களவையைப் பொறுத்தவரை, 2003-இல் நீக்கிய வாக்காளர் விதியை, உண்மையான வசிப்பிடம் என்ற நிபந்தனையுடன் மீட்க வேண்டும்.

இவை சட்டத் திருத்தம் கோருபவை, காலம் பிடிக்கும். உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. குற்ற வழக்குள்ளவரை நிறுத்தும் கட்சி, ஏன் அவரைத் தேர்ந்தெடுத்தது, வழக்கில்லாத வேறொருவர் ஏன் கிடைக்கவில்லை என்பதை 48 மணி நேரத்துக்குள் பகிரங்கமாகச் சொல்ல வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் ஆணையிட்டது. ‘வெற்றி வாய்ப்பு’ மட்டும் காரணமாகாது என்றும் சொன்னது. ஒரு வகை வேட்பாளருக்குக் காரணம் சொல்ல முடிந்த கட்சிகளால் எல்லா வேட்பாளருக்கும் சொல்ல முடியும். விருப்ப மனு அளித்தவர் பட்டியலை வெளியிட்டு, இவரை ஏன் இந்தத் தொகுதிக்கு அனுப்புகிறோம் என்று ஒரு பக்கத்தில் எழுதி ஒட்ட எந்தத் திருத்தமும் வேண்டியதில்லை.

அடுத்த தேர்தலில் எந்தக் கட்சி எங்கள் தொகுதிக்கு யாரை அனுப்பினாலும், பிரசாரத்துக்கு வரும் தலைவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: ‘இவரைத் தேர்ந்தெடுத்தது யார்? எங்கள் ஊரில் யாரைக் கேட்டீர்கள்?’ கேட்பதற்குக் காசு ஆவதில்லை. ஆனால் பலர் கேட்கத் தொடங்கினால், பதில் ஒன்றைத் தயார் செய்துகொண்டு வர வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு ஏற்படும்.