கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் – 9: காவலுக்கு ஒரு பையன்

பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் வழியில் ஏதாவதொரு தோட்டச் சந்தியில் இறங்கி, அங்கிருக்கிற சில்லறைக் கடையை ரோட்டிலிருந்து பாருங்கள். உள்ளே யார் நிற்கிறார்கள் என்றே தெரியாது. முன்னால் ஷாம்பு பைக்கற் சரம் சரமாகத் தொங்கும். அதையடுத்து ரீலோட் போஸ்டர், லொத்தர் விளம்பரம், ஒரு வாழைக்குலை. இத்தனைக்கும் பின்னால்தான் காசு லாச்சி. அந்த லாச்சியை ஒட்டி லயத்திலிருந்து வந்த பதினெட்டு, இருபது வயதுப் பையன் ஒருவன்.

மாதத்தில் முக்கால்வாசி நாள் அந்த லாச்சியில் பெரிதாக ஒன்றும் இருக்காது. வியாபாரமெல்லாம் கடன் கொப்பியில்தான் நடக்கும். தோட்டத்துச் சம்பளம் பெரும்பாலும் 10ஆம் திகதியை ஒட்டி வருகிறது. அன்று மாலை கொப்பியில் கிடந்த அரிசியும் மாவும் பருப்பும் காசாக மாறி லாச்சிக்கு வந்துவிடும். ஊருக்கே தெரிந்த இந்தக் கணக்கு கள்ளனுக்குத் தெரியாதா?

அமெரிக்காவில், ஃபுளோரிடா மாநிலத்திலுள்ள கெய்ன்ஸ்வில் என்ற ஊர், இரவுக் கடைகளில் நடந்த கொள்ளைகளைத் தாங்க முடியாமல் 1986இல் சில விதிகள் போட்டது. கண்ணாடியை மறைக்கிற விளம்பரங்களை எடுக்க வேண்டும். கல்லா தெருவில் போகிறவர்களின் கண்ணில் படவேண்டும். லாச்சியில் கொஞ்சக் காசுதான் இருக்கலாம், அதையும் வாசலில் எழுதி ஒட்ட வேண்டும். இரவில் கடையில் இரண்டு பேர் நிற்க வேண்டும். கடைசி விதியைத்தான் முதலாளிமார் கடுமையாக எதிர்த்தார்கள். இரண்டாவது ஆளுக்கு யார் சம்பளம் கொடுப்பது? எங்கள் முதலாளிமாரும் இதையே கேட்பார்கள். தோட்டச் சந்தி வியாபாரத்தில் அதற்குக் கட்டாது என்பதும் உண்மைதான். ஆனால் ஷாம்பு சரத்தை ஒரு முழம் தள்ளிக் கட்ட என்ன செலவு? சம்பள நாளன்று இருட்டுவதற்கு முன்னாலேயே முதலாளி வந்து காசை எடுத்துப்போக என்ன செலவு?

செய்யமாட்டார்கள். ஏனென்றால் பையன் இருக்கிறான். பகலில் சாமான் நிறுப்பவன், இரவில் அரிசி மூட்டைகளுக்கிடையில் பாய் போட்டுப் படுப்பவன். தங்க இடம் கொடுத்திருக்கிறோம் என்பார்கள். காவல்காரன் சம்பளம் மிச்சம் என்பதைச் சொல்லமாட்டார்கள். 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், கிழமைக்கு 45 மணி நேரம் என்கிறது. ஷட்டரை இழுத்துவிட்டு உள்ளேயே படுக்கிறவனின் இரவு எந்தக் கணக்கில் சேரும்?

கடைக்குள் படுப்பதைப் பற்றிப் பேசினாலே பதுளையில் வயதானவர்களுக்கு 1983இல் தமிழருக்கு எதிராக நடந்த கலவரம் ஞாபகம் வந்துவிடும். ஜூலை 27, காலை பத்தரை மணியளவில் ஒரு தமிழ் நகை வியாபாரியின் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளைக் கொளுத்தினார்கள். மத்தியானம் பசார் பகுதிக் கடைகள் எரிந்தன, பிறகு வீடுகள். கலவரக் கூட்டம் பிடித்தெடுத்த வான்களிலும் பஸ்களிலும் ஏறி ஹாலி-எல, பண்டாரவளை, வெலிமடை என்று போனது. இரவாகும்போது லுணுகலையும் எரிந்தது. எந்தப் பூட்டும் எந்த விளக்கும் அன்றைக்கு உதவியிருக்காது. அதை நான் கள்ளன் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் எரிந்த கடைகளைப் பற்றிப் பேசும்போது முதலாளிமாரின் பெயர்களைச் சொல்கிறோம், நட்டத்தைச் சொல்கிறோம். அந்தக் கடைகளில் சாமான் நிறுத்துக்கொண்டிருந்தவர்கள் எந்த வழியாக ஓடினார்கள் என்று நான் கேட்டுப் பார்த்தபோது, அநேகம் பேர் கொஞ்ச நேரம் யோசித்தார்கள்.

எனக்கும் கடையில் படுத்த அனுபவம் உண்டு. பதினேழு வயதில், பள்ளிக்கூடத்தை விட்ட கையோடு ஒரு பலசரக்குக் கடையில் எட்டு மாதம் நின்றேன். முதல் நாள் இரவு முதலாளி ஓர் அலவாங்கைக் கொண்டுவந்து என் பாய்க்குப் பக்கத்தில் வைத்தார்.

"தம்பி, கள்ளன் வந்தா யோசிக்காத. ஓங்கி ஒன்னு போடு."

"சரிங்க முதலாளி."

அவர் வெளியிலிருந்து ஷட்டரை இழுத்துப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். நான் அலவாங்கைத் தொடவில்லை. டோர்ச் லைட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய், மண்ணெண்ணெய் பீப்பாயை நகர்த்தி, பின்கதவின் தாழ்ப்பாள் எத்தனை இழுப்பில் திறக்கிறது என்று பார்த்தேன். துருப்பிடித்திருந்தது. அடுத்த நாள் முதலாளிக்குத் தெரியாமல் அதற்குத் தேங்காயெண்ணெய் போட்டுவைத்தேன்.