பழைய படகு வாங்கலாமா? ஏரியில ஃப்ளை ஃபிஷிங் போறவங்களுக்கு ஒரு பட்ஜெட் கணக்கு

இந்தப் பதிவு கனடாவுல, குறிப்பா வான்கூவர் பக்கம் வேலை பார்க்குற நம்ம ஆளுங்களுக்கு.

காம்லூப்ஸ் சுத்துவட்டார ஏரிகள்ல பனி உருகினதும் ரெயின்போ ட்ரவுட் பிடிக்க ஒரு கூட்டமே கிளம்பும். ஆபீஸ் நண்பரோட ஒரு தடவை போயிட்டு வந்தா போதும், திங்கட்கிழமையே ஃபோன்ல பழைய படகு தேட ஆரம்பிச்சுடுவோம். என் நண்பர் ஒருத்தர் அப்படித்தான் 16 அடி ஃபைபர்கிளாஸ் படகு வாங்கினார். லைன் ஆஃப் கிரெடிட்ல. இஞ்சின் மாட்டுற பின்பலகை உள்ளுக்குள்ள உளுத்துப்போனது அப்புறம்தான் தெரிஞ்சது. அபார்ட்மென்ட்ல நிறுத்த இடமில்லை, அதுக்கு மாச வாடகை வேற. முதல் வருஷம் தண்ணியில இறங்கினது மூணே தடவை. வட்டி மட்டும் மாசம் தவறாம இறங்குச்சு.

அந்த நிலைமை உங்களுக்கு வரவேண்டாம். கணக்கைப் பார்ப்போம்.

விலையைப் பார்க்காதீங்க, ஒரு ட்ரிப்புக்கு எவ்வளவுன்னு பாருங்க

வாங்கின விலை, சாமான்கள், நிறுத்தற வாடகை எல்லாத்தையும் கூட்டுங்க. திரும்ப விற்றா கிடைக்கிறதைக் கழிங்க. மிச்சத்தை எத்தனை ட்ரிப்போ அத்தனையால வகுங்க.

உதாரணத்துக்கு, 12 அடி பழைய அலுமினியப் படகு 800 டாலர், மோட்டார், பேட்டரி, சாமான்கள் 600 டாலர்னு வச்சுக்குவோம். மூணு வருஷம் கழிச்சு 900 டாலருக்கு விற்றா நம்ம செலவு 500. வருஷத்துக்கு 8 ட்ரிப், மொத்தம் 24. ஒரு ட்ரிப்புக்கு 21 டாலர்.

இன்னொண்ணு, 9,000 டாலர் படகு. மூணு வருஷத்துல 6,000க்கு விற்றாலும் 3,000 போச்சு. நிறுத்தற வாடகை மாசம் 60 டாலர்னா 36 மாசத்துக்கு 2,160. ஒரு ட்ரிப்புக்கு 215 டாலர். வட்டி இதுல சேரவே இல்லை! ரெண்டுலயும் மாட்டுறது அதே மீன்தான்.

எந்த மாதிரி படகு?

தட்டையான அடிப்பாகம் உள்ள 12 அடி அலுமினியப் படகு நல்ல தேர்வு. ஆடாம நிக்கும், பிடிப்பா உட்கார்ந்து வீசலாம். எடையும் சுமார் 50 கிலோதான். ரெண்டு பேர் சேர்ந்து கார் மேல ஏத்திடலாம், ட்ரெய்லர் செலவே இல்லை. உள்ள கொக்கி, போல்ட்டுன்னு நீட்டிக்கிட்டு இருக்கக் கூடாது. ஃப்ளை லைன் அதுலதான் போய் சிக்கும்.

வீட்ல இடமே இல்லையா? காத்தடிச்சு உபயோகிக்கிற ஃப்ளோட் ட்யூப் போதும், அலமாரிக்குள்ள அடங்கிடும். ஆனா சின்ன ஏரிக்கு மட்டும். எதிர்காத்து பலமா அடிச்சா காலால துடுப்பு போட்டுக் கரைக்கு வர்றது ரொம்பக் கஷ்டம்.

பெரிய இஞ்சின் தேவையில்லை. இங்கே பல சின்ன ஏரிகள்ல எலெக்ட்ரிக் மோட்டார் மட்டும்தான் அனுமதி. மொத்த எடையில 100 பவுண்டுக்கு 2 பவுண்ட் த்ரஸ்ட்னு ஒரு பொதுக்கணக்கு உண்டு. படகு, ரெண்டு பேர், பேட்டரி எல்லாம் சேர்ந்து 550 பவுண்டுன்னா 11 போதும். காத்தையும் சேர்த்து யோசிச்சு 30 பவுண்ட் மோட்டார் வாங்கினா தாராளம்.

பணம் கொடுக்கும் முன்னாடி

1. படகைக் கட்டை மேல வச்சு உள்ளே தண்ணி ஊத்துங்க. ரிவெட் வழியா ஒழுகினா வெளியிலயே தெரிஞ்சுடும்.
2. பின்பலகையைத் தட்டிப் பாருங்க. கணீர்னு கேட்டா சரி, 'தொப்'னு கேட்டா உளுத்திருக்கு. அதைப் பிடிச்சு ஆட்டியும் பாருங்க.
3. பின்பக்கம் வலதுபுறம் மேல 12 எழுத்து, எண் கொண்ட ஹல் நம்பர் இருக்கும். 1984க்குப் பிறகு வந்த படகுகள்ல கடைசி ரெண்டு இலக்கம்தான் மாடல் வருஷம். விற்கிறவர் சொல்றதோட ஒத்துப்போகுதான்னு பாருங்க.
4. ட்ரெய்லரோட வந்தா டயர்ல இருக்கிற கடைசி நாலு இலக்கத்தைப் படிங்க. 3218ன்னா 2018ஆம் வருஷம் 32ஆவது வாரம் தயாரானது.

பட்ஜெட்ல விட்டுப்போகிற செலவுகள்

எலெக்ட்ரிக் மோட்டார் மாட்டினாலும் படகு ஓட்டுற கார்டு கட்டாயம். ஒரு தடவை எடுத்தா ஆயுசுக்கும் செல்லும். ஆளுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட், 15 மீட்டர் வீசு கயிறு, துடுப்பு, தண்ணி இறைக்க ஒரு பாத்திரம், விசில் வேணும். மீன்பிடி லைசென்ஸ் தனி, அதோட வருஷம் ஏப்ரல் 1ல ஆரம்பிக்குது. நங்கூரம் ரெண்டு வாங்குங்க, முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு போட்டா காத்துல படகு சுத்தி லைன் தொய்ஞ்சுடும், மீன் கடிச்சதே தெரியாது.

லைஃப் ஜாக்கெட்ல மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க. மே மாசம் வெயில் சுள்ளுன்னு அடிச்சாலும் தண்ணி பனி உருகின தண்ணிதான். அதுல விழுந்தா நீச்சல் தெரிஞ்சவருக்கும் கை கால் சில நிமிஷத்துல வேலை செய்யாது. ஜாக்கெட் சீட்டுக்கு அடியில இருந்து பிரயோஜனம் இல்லை, உடம்புல இருக்கணும்.

சரி, எப்போ வாங்கலாம்?

இந்த சீசன் வாடகைக்கு எடுத்துப் போங்க. எத்தனை தடவை நிஜமாவே போறீங்கன்னு காலண்டர்ல குறிச்சு வைங்க. கூடவே ஏப்ரல்ல இருந்து மாசம் 200 டாலர் தனி அக்கவுண்ட்ல போடுங்க. அக்டோபர்ல 1,400 டாலர் கையில இருக்கும். குளிர்காலம் முழுக்க படகை எங்கே வைக்கிறதுன்னு விற்கிறவருக்கும் அப்போ அவசரம், விலை பேச நல்ல நேரம்.

குறிச்சு வச்சது ரெண்டே தடவைதானா? அப்போ வாடகைப் படகே போதும். அந்த 1,400 டாலர் உங்க எமர்ஜென்சி ஃபண்டுக்குப் போகட்டும். ஊருக்குத் திடீர்னு டிக்கெட் போட வேண்டி வந்தா, கை கொடுக்கப்போறது அதுதான்.