அம்பாஸடரின் சிலிண்டர்த் தலைகள்

எஞ்சினின் ஆற்றல் பெரிதும் சிலிண்டர்த் தலையின் அமைப்பைப் பொறுத்தது. 2014 வரை உத்தரபாராவில் தயாரான அம்பாஸடர் கார் இதற்குச் சான்றாகும்.

தொடக்கத்தில் அதன் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் நின்றன. எரியறை பக்கவாட்டில் அகன்றிருந்தது. அழுத்த விகிதத்தை உயர்த்தத் தலையைச் சீவினால், கலவை செல்லும் வழி குறுகிவிடும். 1959இல் வந்த 1,489 கனசென்டிமீட்டர் எஞ்சினில் வால்வுகள் தலையிலேயே அமைந்தன. எரியறையும் இதய வடிவில் சிறுத்தது.

இதில் ஒரு சிலிண்டரில் பிஸ்டன் கடக்கும் இடம் சுமார் 372 கனசென்டிமீட்டர். மேலே எஞ்சும் இடம் 60 ஆயின் அழுத்த விகிதம் 7.2, அதனை 54 ஆகக் குறைத்தால் 7.9. ஆற்றல் கூடும்; அளவு மீறினால் கலவை தானே வெடித்துப் பிஸ்டனைச் சிதைக்கும்.

கடல் மட்டத்திற்கு 500 மீட்டருக்கு மேல் அமைந்த ஐதராபாத்தில் காற்றழுத்தம் நூற்றுக்கு ஏறத்தாழ 6 பங்கு குறைவு. ஆகவே அங்கு எஞ்சின் சற்று உயர்ந்த விகிதத்தைத் தாங்கும். அதே வண்டி சென்னைக்கு வந்தால் தட்டொலி எழக்கூடும்.

எனவே ஆண்டை மட்டும் நோக்கித் தலையைத் தேர்தல் போதாது. வால்வுகளையும் பிளக்கையும் பொருத்தி, தலையைக் கவிழ்த்துத் துளையிட்ட கண்ணாடித் தகட்டால் மூடி, பியூரெட்டினால் எண்ணெய் விட்டு எரியறையை அளத்தல் வேண்டும். கேஸ்கட்டின் பருமனையும் கணக்கிற் சேர்த்தல் நன்று.