அடுக்களைக் கருவிகளும் குடும்பக் கணக்கும்

உழவு மாடு வாங்கச் செல்லும் விவசாயி அதன் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார், நடக்கவிட்டுப் பார்க்கிறார். பாவுக்கு நூல் வாங்கும் நெசவாளர் நூலின் நம்பரைக் கேட்டறிகிறார்; இழையை இழுத்து முறுக்கைச் சோதிக்கிறார்; சாயம் நிற்குமா என்று நனைத்துப் பார்க்கிறார். தொழிலுக்குரிய பொருளை இவ்வளவு கவனத்துடன் வாங்கும் நம்மில் பலர், அடுக்களைக்கு ஒரு மின்சாரக் கருவி வாங்கும்பொழுது மட்டும், அட்டைப் பெட்டியின் மேலுள்ள படத்தையும் தள்ளுபடி விலையையும் பார்த்தவுடன் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகின்றனர்.

இது வசதி படைத்தோரைப் பற்றிய விஷயம் என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது. 2011 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவற்றை விலையின்றி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியபின், குடிசை வீட்டு அடுக்களையிலும் யந்திரம் இடம் பெற்றுவிட்டது. அம்மியும் ஆட்டுக்கல்லும் மூலைக்குச் சென்றன. ரொட்டி வாட்டும் டோஸ்டர், தண்ணீர் காய்ச்சும் கெட்டில், சோறு வடிக்கும் மின்குக்கர் ஆகியவையும் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கின்றன. ஆகவே இவற்றை வாங்குவது எப்படி என்பதைப் பற்றி அங்கத்தினர்கள் யாவரும் சிந்திப்பது அவசியமாகிறது.

'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்பது நமது பழமொழி. சிறு கருவிகளுக்கு இது மிகவும் பொருந்தும். கடையில் கொடுக்கும் விலை முதற் செலவு மட்டுமே. அதைத் தொடர்ந்து மின்சாரச் செலவு, பழுதுச் செலவு, கவனக்குறைவால் நேரக்கூடிய ஆபத்து ஆகிய மூன்றும் வருகின்றன. இந்நான்கையும் கூட்டிப் பார்த்தால்தான் ஒரு பொருளின் உண்மையான விலை தெரியவரும்.

தேவை உண்டா?

டோஸ்டரையே முதலில் எடுத்துக்கொள்வோம். இது மிக எளிய கருவி. உள்ளே மைக்காத் தகடுகளின்மேல் நிக்ரோம் என்னும் கம்பி சுற்றப்பட்டிருக்கும். நிக்கலும் குரோமியமும் கலந்த இவ்வுலோகத்திற்கு அமெரிக்கரான ஆல்பர்ட் மார்ஷ் 1906 இல் காப்புரிமை பெற்றார். சாதாரண இரும்புக் கம்பி செந்தணலாகக் காய்ந்தால் விரைவில் துருவேறி அற்றுப்போகும். நிக்ரோம் ஆயிரம் தடவை காய்ந்தாலும் தாங்கும். ரொட்டி வெந்தவுடன் தானே மேலெழும்பும் டோஸ்டருக்கு சார்லஸ் ஸ்டிரைட் என்பவர் 1921 இல் காப்புரிமை பெற்றார். அதற்குமுன் யாராவது ஒருவர் பக்கத்தில் நின்று ரொட்டியைத் திருப்பிப் போடவேண்டியிருந்தது.

காலையில் நாள்தோறும் ரொட்டி உண்ணும் குடும்பத்திற்கு இக்கருவி உண்மையில் உதவும். ஆனால் மாதத்தில் இரண்டு நாள், காய்ச்சல் கண்டவருக்கு மட்டும் ரொட்டி வாங்கும் வீட்டில் அதன் நிலை என்ன? 1,500 ரூபாய் கொடுத்து வாங்கிய டோஸ்டர் ஐந்து ஆண்டுகள் உழைப்பதாக வைத்துக்கொள்வோம். நாள்தோறும் பயன்படுத்துவோருக்கு ஒரு வேளைக்கு விழும் விலை ஒரு ரூபாய்க்கும் குறைவு. மாதம் இருமுறை பயன்படுத்துவோருக்கோ ஒரு வேளைக்கு 12 ரூபாய் 50 காசு! அந்த வேலையை வீட்டிலுள்ள தோசைக்கல் செலவின்றிச் செய்துவிடும். கருவி நல்லதா, கெட்டதா என்று கேட்பதற்கு முன், அது நம் வீட்டில் எத்தனை நாள் வேலை செய்யும் என்று கேட்பதே முறையாகும்.

மின்சாரக் கணக்கு

ஆயிரம் வாட் ஆற்றலுள்ள கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் மின்சாரம் செலவாகிறது. இந்த ஒரு கணக்கு தெரிந்தால் போதும். கருவியின் அடியில் ஒட்டியுள்ள தகட்டில் அதன் வாட் அளவு எழுதப்பட்டிருக்கும்.

800 வாட் டோஸ்டர் ஒரு தடவை மூன்று நிமிடம் காய்ந்தால் யூனிட்டில் இருபத்தைந்தில் ஒரு பங்கு செலவாகும். 750 வாட் மிக்சி முழுச் சுமையில் நாளொன்றுக்கு 12 நிமிடம் ஓடினால் மாதத்திற்கு நாலரை யூனிட். 150 வாட் கிரைண்டர் நாற்பது நிமிடம் ஓடினாலும் ஒரு தடவைக்குப் பத்தில் ஒரு பங்கு யூனிட்டே ஆகும். 1,500 வாட் கெட்டில் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க ஏறத்தாழ அதே அளவு மின்சாரத்தை நாலு நிமிடத்திற்குள் இழுத்துவிடும். 700 வாட் மின்குக்கர் தினம் அரைமணி நேரம் வேலை செய்தால் மாதம் பத்தரை யூனிட். குளிக்கத் தண்ணீர் காய்ச்சும் 1,500 வாட் ஹீட்டரை தினம் அரைமணி நேரம் போட்டாலோ மாதம் இருபத்திரண்டரை யூனிட்!

இதிலிருந்து ஓர் உண்மை புலப்படும். சத்தம் போட்டுச் சுழலும் கருவி அதிகம் தின்பதாகத் தோன்றுகிறது. உண்மையில் அதிகம் தின்பது சத்தமின்றிச் சூடேற்றும் கருவியே. 2016 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்திற்கு 100 யூனிட் கட்டணமின்றி வழங்க முடிவாயிற்று. மேற்சொன்ன ஹீட்டர் ஒன்றே இரண்டு மாதத்தில் 45 யூனிட்டை விழுங்கிவிடும் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். யூனிட் ஏற ஏறக் கட்டண விகிதமும் படிப்படியாக ஏறுகிறது. ஆகையால் கடைசியாக வீட்டிற்கு வந்த கருவி, மிக உயர்ந்த படியிலுள்ள கட்டணத்திலேதான் ஓடுகிறது.

பழுது பார்க்க முடியுமா?

மிக்சியில் உள்ள மோட்டார் மிக விரைவாகச் சுழல்வது. கார்பன் பிரஷ் உள்ளது. நெடுநேரம் ஓடுவதற்கு ஏற்றதன்று. பல மிக்சிகளின் தகட்டில் 'ஐந்து நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் ஓய்வு' என்று குறித்திருக்கும். இதைப் படிக்காமல் கால்மணி நேரம் ஒரே மூச்சில் மாவரைத்தால் மோட்டார்ச் சுருள் கருகிவிடும். மேல்நாட்டு மிக்சிகள் பழச்சாறு, முட்டைக் கலவை முதலிய மெல்லிய வேலைகளுக்காகவே அமைந்தவை. மஞ்சள், மிளகாய், கொப்பரை அரைக்கும் நமது அடுக்களைக்கு ஈடுகொடுக்கவேண்டும் என்பதற்காகவே, 1960-களில் சத்யபிரகாஷ் மாத்தூர் என்னும் பொறியாளர் 'சுமீத்' மிக்சியை உருவாக்கினார். புவிசார் குறியீடு பெற்ற கோயம்புத்தூர் கிரைண்டரும் அவ்வாறே நம் அரிசி, உளுந்துக்காகத் தோன்றியதாகும். அதன் மோட்டார் மெதுவாகச் சுழன்று நெடுநேரம் உழைக்கும். ஆகவே மாவுக்குக் கிரைண்டர், சட்னிக்கும் பொடிக்கும் மிக்சி என்று வேலையைப் பிரித்துக் கொடுப்பது நலம்.

மிக்சி திடீரென்று நின்றுவிட்டால் உடனே கெட்டுப்போயிற்று என்று முடிவு செய்யலாகாது. பளு மிகுந்தால் தானே நிறுத்திக்கொள்ளும் பொத்தான் ஒன்று பெரும்பாலான மிக்சிகளின் அடியில் உண்டு. சிறிது ஆறவிட்டு அதை அழுத்தினால் மீண்டும் ஓடும். ஜாருக்கும் மோட்டாருக்கும் இடையே உள்ள கப்ளர் தேய்வதற்கென்றே வைக்கப்பட்ட சிறு உறுப்பு. கார்பன் பிரஷ்ஷும் அப்படியே. கிரைண்டரில் பெல்ட்டும் கப்பாசிட்டரும் மாற்றக்கூடியவை. இவை நமது ஊரிலோ அடுத்த பேட்டையிலோ கிடைக்குமா, பழுது பார்ப்பவர் யார் என்று வாங்குமுன்னரே விசாரிக்கவேண்டும். இருநூறு ரூபாய் மலிவாக வாங்கிய மிக்சிக்கு ஒரு கப்ளர் கிடைக்காமல் பரண்மேல் ஏற்றிவைப்பது சிக்கனமாகாது. 'ஐந்து ஆண்டு உத்தரவாதம்' என்ற பெரிய எழுத்து மோட்டாருக்கு மட்டுமா, முழுக் கருவிக்குமா என்பதையும் சிறிய எழுத்தில் தேடிப் படிக்கவேண்டும்.

உயிருக்குப் பாதுகாப்பு

குழித்தறியுள்ள வீடுகளில் தரை எப்பொழுதும் ஈரமாக இருக்கும். நாம் வெறுங்காலுடன் நிற்கிறோம். இந்நிலையில் மின்கசிவு மற்ற இடங்களைவிடக் கொடியது. மூன்று முனைப் பிளக்கில் மேல்முனை மட்டும் நீளமாகவும் பருமனாகவும் இருப்பது அழகுக்காக அன்று. அது எர்த் முனை. செருகும்பொழுது முதலில் தொடவும், பிடுங்கும்பொழுது கடைசியில் விலகவுமே அவ்வாறு அமைத்துள்ளனர். அதை உடைத்துவிட்டு இரண்டு துளைச் சாக்கெட்டில் செருகுவோர் காவற்காரனை அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பவரை ஒப்பர். சுவரிலுள்ள எர்த் துளை உண்மையில் நிலத்துடன் இணைந்துள்ளதா என்று தேர்ந்த மின்பணியாளரைக் கொண்டு சோதித்தறிவதும், மின்கசிவு நேர்ந்தவுடன் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் பாதுகாப்புக் கருவியைப் பொருத்துவதும் வீண் செலவாகா.

6 ஆம்பியர் சாக்கெட் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 1,380 வாட் வரைதான் தாங்கும். 1,500 வாட் கெட்டிலை அதில் செருகலாகாது. 16 ஆம்பியர் சாக்கெட் வேண்டும். டோஸ்டரில் சிக்கிய ரொட்டியைக் கத்தியாலோ கரண்டியாலோ கிளறுவது கூடவே கூடாது. பிளக்கைப் பிடுங்கி, கருவி ஆறியபின் கவிழ்த்துத் தட்டவேண்டும். அடியில் சேரும் ரொட்டித்தூள் தீப்பற்றக்கூடியது. பஞ்சுத்துகள் பறக்கும் தறிமனையில் காயும் கம்பியுள்ள எக்கருவியையும் நூலுக்கும் பாவுக்கும் அருகே வைக்கக்கூடாது.

முத்திரையும் ரசீதும்

விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று சொல்லி விற்பதால் நேரும் நஷ்டத்தை நெசவாளர் நன்கு அறிவர். கைத்தறி முத்திரை அதற்காகவே 2006 இல் ஏற்பட்டது. கருவிகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அத்தகையதே. முத்திரையின் மேலே தர எண்ணும், கீழே 'சி.எம்./எல்.' என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கவேண்டும். அவ்வெண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் இட்டால் உரிமம் யாருடையது என்று தெரியும். எண் இல்லாத முத்திரை வெறும் படமே. பிரஷர் குக்கருக்கு இம்முத்திரை 2021 பிப்ரவரி முதல் கட்டாயமாயிற்று. அதன் பின்னரும் முத்திரையற்ற குக்கர்களைத் தம் தளத்தில் விற்க இடமளித்த இணைய வணிக நிறுவனங்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 இல் அபராதம் விதித்தது. பெரிய கடை என்பதனாலேயே பொருள் சரியானது என்று நம்பிவிடலாகாது என்பதற்கு இது சான்றாகும்.

'ரசீது வேண்டாமென்றால் நூறு ரூபாய் குறைத்துத் தருகிறோம்' என்று சொல்லும் வியாபாரியிடம் மிகுந்த எச்சரிக்கை தேவை. அந்த நூறு ரூபாய்க்கு நாம் விற்றுவிடுவது நமது உரிமையை. 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருள் குறித்து இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடலாம். எங்கே வாங்கியிருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம். ஐந்து லட்ச ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே தீரவேண்டும் என்பதும் இல்லை. அதற்குமுன் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம். இவை எல்லாவற்றிற்கும் கையில் இருக்கவேண்டியது ரசீதும், தேதியிட்ட உத்தரவாத அட்டையுமே.

தவணையின் உண்மை வட்டி

தவணையில் வாங்குவோர் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கவேண்டும். ரொக்க விலை 4,000 ரூபாய். தவணையில் மாதம் 400 வீதம் பன்னிரண்டு மாதம் என்று வைத்துக்கொள்வோம். கட்டுவது 4,800. கூடுதல் 800 ரூபாய்தானே, நூற்றுக்கு இருபது வட்டி என்று தோன்றும். ஆனால் கடன் பாக்கி மாதந்தோறும் குறைந்துகொண்டே வருகிறது. வட்டியோ முழுத் தொகைக்கும் சேர்த்து வாங்கப்பட்டுள்ளது. சரியாகக் கணக்கிட்டால் ஆண்டுக்கு நூற்றுக்கு முப்பத்தைந்து ரூபாய் வட்டி ஆகிறது! சீசன் கூலி வரும்வரை பொறுத்திருந்து ரொக்கத்திற்கு வாங்கினால் அந்த 800 ரூபாய் குழந்தைகளின் படிப்புக்கு மிஞ்சும்.

கருவிகளை வேண்டாமென்று சொல்வது நமது கருத்தன்று. ஆட்டுக்கல்லில் மணிக்கணக்காகக் கையைத் தேய்த்த நம் வீட்டுப் பெண்களுக்குக் கிரைண்டர் அளித்த ஓய்வு பெரிது. அவ்வோய்வு நிலைக்கவேண்டுமானால், கடைக்குப் புறப்படும் முன் எத்தனை நாள் பயன்படும், எத்தனை யூனிட் இழுக்கும், எங்கே பழுது பார்ப்பது, எர்த் இணைப்பு உண்டா என்னும் கேள்விகளை வீட்டிலுள்ளோர் அனைவரும் கூடியிருந்து பேசவேண்டும். முக்கியமாக அடுக்களையில் அக்கருவியைக் கையாளப்போகும் பெண்களின் சொல்லுக்கே முதலிடம் தரவேண்டும். மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கும் அதே நிதானம் மிக்சியின் தகட்டைப் படிப்பதிலும் நமக்கு வந்துவிட்டால், பாடுபட்டுச் சேர்த்த பணம் பரண்மேல் தூசி படிந்து கிடக்கும் நிலை ஏற்படாது.