டனிச் மடத்தை அழித்தது கடலா, அரசரா?



வரலாறு பற்றிய பத்தி கருத்துணர்தலில் வந்தால் மாணவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள்? ‘யார்’, ‘எப்போது’ என்ற கேள்விகளில் இல்லை. அவை பத்தியிலேயே இருக்கும், எடுத்து எழுதிவிடுவாங்க. ‘ஏன்’ என்று கேட்டால்தான் சிக்கல். கண்ணில் முதலில் படும் காரணத்தைப் பிடித்துக்கொண்டு விடை எழுதிவிடுவார்கள். இதை வகுப்பில் விளக்க எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு, இங்கிலாந்தின் கிழக்குக் கடற்கரையில் சஃபோக் வட்டாரத்தில் இருக்கும் ஒரு பாழடைந்த மடம். ஊர் பெயர் டனிச். (ஆங்கில எழுத்துகளைப் பார்த்தால் ‘டன்விச்’ என்று படிக்கத் தோன்றும், அந்த ஊர்க்காரர்கள் டனிச் என்றுதான் சொல்வார்கள்.)

இன்று அது ஒரு சின்னக் கிராமம். இடைக்காலத்தில் அது பெரிய துறைமுக நகரம். கடல் கொஞ்சம் கொஞ்சமாக அந்த நகரத்தைத் தின்றுவிட்டது. அங்குள்ள மேடு மணலும் சரளையும் கலந்தது. அலை அடிவாரத்தை அரித்தால் மேலே இருப்பதெல்லாம் சரியும். 1086இல் தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே பதிவேடே, அங்கே ஒரு பங்கு விளைநிலத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது என்று குறிக்கிறது. 1280களில் பெரும்புயல்கள் வந்தன. 1328இல் வந்த புயல் துறைமுகத்தின் வாயை அடைத்தது. துறைமுகம் போனால் வணிகம் போகும், வணிகம் போனால் மக்கள் போவார்கள். கடைசியாக நின்ற இடைக்காலத் தேவாலயத்தின் கோபுரம்கூட 1919இல் மேட்டிலிருந்து சரிந்து விழுந்தது.

இவ்வளவையும் படித்த மாணவரிடம் மடத்தின் படத்தைக் காட்டுங்கள். கூரை இல்லாத ஒரு சுவர், இரண்டு வாசல் வளைவுகள், சுற்றிலும் கல் மதில், பக்கத்திலேயே கடல். “இது ஏன் பாழானது?” என்று கேளுங்கள். பத்தில் ஒன்பது பேர் “கடல் அரிப்பால்” என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, இல்லையா?

இப்போது மடத்தின் கதையைப் பார்ப்போம். இது பிரான்சிஸ்கன் சபையின் மடம். சாம்பல் நிற அங்கி அணிந்ததால் அந்தத் துறவிகளைச் ‘சாம்பல் அங்கிச் சகோதரர்கள்’ என்றே மக்கள் அழைத்தார்கள். இங்கே ஒரு சொல் விளக்கம் தேவை. நாம் தமிழில் எல்லாரையும் ‘துறவி’ என்று சொல்லிவிடுகிறோம். ஐரோப்பாவில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையினர் ஊரைவிட்டு ஒதுங்கி, பெரிய நிலபுலன்கள் உள்ள மடாலயத்தில் வாழ்நாள் முழுக்கத் தங்கியவர்கள். இன்னொரு வகையினர் சொத்து வைத்துக்கொள்ளாமல், மக்கள் தரும் பிச்சையில் வாழ்ந்து, தெருவில் இறங்கிப் போதித்தவர்கள். அசிசி நகரப் பிரான்சிஸ் தொடங்கிய சபை இந்த இரண்டாவது வகை. 1224இல் ஒன்பது பேராக இங்கிலாந்தில் வந்து இறங்கினார்கள். இரவலராக வாழ்பவருக்குக் காட்டில் என்ன வேலை? கூட்டம் உள்ள இடம் வேண்டும். அதனால்தான் டனிச் போன்ற துறைமுக நகரங்களைத் தேடிப் போனார்கள்.

டனிச்சில் அவர்களின் முதல் மடம் கடலுக்குப் பக்கத்தில் இருந்தது. 1277 வாக்கில் அங்கே 20 துறவிகள். 1280களின் புயல்களுக்குப் பிறகு அந்த இடம் தாங்காது என்று தெரிந்துவிட்டது. 1290இல் அரசர் முதலாம் எட்வர்டின் அனுமதியோடு நகரத்தின் மேற்கு ஓரத்துக்கு, அதாவது உள்நாட்டுப் பக்கம், மடத்தை மாற்றினார்கள். நாம் படத்தில் பார்ப்பது இந்த இரண்டாவது மடம். முதல் மடத்தைக் கடல் எடுத்தது உண்மை. ஆனால் இரண்டாவது மடத்தின் மதிலைக் கடல் நெருங்கியிருப்பது பிற்காலத்தில்தான். 1290க்குப் பிறகு ஏறக்குறைய 250 ஆண்டுகள் துறவிகள் அங்கே வாழ்ந்தார்கள்.

அதே ஊரில் தோமினிக்கன் துறவிகளுக்கும் ஒரு மடம் இருந்தது. கடலுக்குப் பயந்து அவர்களும் 1384இல் பிளைத்பரோ என்ற ஊருக்கு மாற அனுமதி வாங்கினார்கள். வாங்கினார்களே தவிர, போகவில்லை. அதே இடத்திலேயே இருந்துவிட்டார்கள்.

ஆக, ஒரு மடம் கடலைவிட்டுத் தள்ளிப் போனது. மற்றொன்று அங்கேயே நின்றது. இரண்டும் மூடப்பட்ட ஆண்டு எது தெரியுமா? இரண்டுக்குமே 1538. கடல்தான் காரணம் என்றால், அருகில் இருந்தது முதலிலும் தள்ளி இருந்தது பிறகும் அல்லவா போயிருக்க வேண்டும்? இங்கேதான் மாணவர் நின்று யோசிக்க வேண்டும்.

அரசர் எட்டாம் ஹென்றி 1534இல் போப்பாண்டவரின் அதிகாரத்தை மறுத்து, தம்மையே இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவராக்கிக்கொண்டார். 1536இல் ஆண்டு வருமானம் 200 பவுண்டுக்குக் குறைந்த மடாலயங்களை மூடச் சட்டம் வந்தது. இரவலர் மடங்கள் அந்தச் சட்டத்தில் சேரவில்லை. பறிக்க அவர்களிடம் நிலமே இல்லையே! ஏழ்மை அவர்களுக்கு இரண்டு ஆண்டு அவகாசம் வாங்கித் தந்தது என்று சொல்லலாம். 1538இல் அவர்கள் முறை வந்தது. ரிச்சர்ட் இங்வொர்த் என்பவர் நாடெங்கும் போய் இரவலர் மடங்களை ஒப்படைக்க வைத்தார். அவரே முன்பு தோமினிக்கன் துறவியாக இருந்தவர். ஒப்படைப்புப் பத்திரங்களில் துறவிகள் ‘தாங்களாகவே’ விட்டுக்கொடுத்ததாக எழுதியிருக்கும். அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. மடாலயத் துறவிகள் பலருக்கு ஓய்வூதியம் கிடைத்தது. இரவலர்களுக்குப் பெரும்பாலும் அதுவும் இல்லை.

மூடப்பட்ட மடங்களில் முதலில் கழற்றப்பட்டது கூரையின் ஈயம். அது காசு. கூரை போனால் மழை மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். கல்லையும் மரத்தையும் ஆளாளுக்குக் கொண்டுபோவார்கள். டனிச்சில் மடத்தின் தேவாலயம் தரைக்கு மேல் இல்லாமலே போய்விட்டது. உணவுக்கூடப் பகுதி மட்டும் ஏன் நிற்கிறது? அது பின்னாளில் வீடாகவும், நகர மன்றமாகவும், சிறையாகவும் பயன்பட்டது. பயன்படாததைப் பெயர்த்தார்கள், பயன்பட்டதை விட்டுவைத்தார்கள்.

தோமினிக்கன் மடம் இருந்த இடத்தைப் பின்னர் கடலே எடுத்துக்கொண்டது. அப்போது அங்கே துறவிகள் யாரும் இல்லை.

வகுப்பில் செய்து பார்க்க ஒரு பயிற்சி: 1290, 1384, 1538 என்ற மூன்று ஆண்டுகளையும் அவற்றில் நடந்ததையும் மட்டும் பலகையில் எழுதுங்கள். எட்டாம் ஹென்றியைப் பற்றி எதுவும் சொல்லாதீர்கள். “மடங்கள் மூடப்பட்டதற்குக் கடல் காரணமா? உங்கள் விடைக்கு ஆதாரம் என்ன?” என்று கேளுங்கள். “இல்லை” என்று மட்டும் எழுதினால் பாதி மதிப்பெண். வெவ்வேறு தூரத்தில் இருந்த இரண்டு மடங்களும் ஒரே ஆண்டில் மூடப்பட்டதைச் சுட்டிக்காட்டியவருக்கு முழு மதிப்பெண் கொடுங்கள்.